அளவிழந்த மருந்து

ஒரு பொருளை மருந்தென்றும் நஞ்சென்றும் பிரிக்கும் கோடு அப்பொருளினுள்ளே கிடப்பதன்று. அதனை அளந்து கொடுக்கும் கையிலே இருப்பது. இவ்வுண்மையைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், நோயாளியின் நிலை, நோயின் தன்மை, காலம் ஆகியவற்றை எண்ணிச் செயற்படுவதையே வைத்தியனின் கடமையாக வகுக்கின்றது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பள்ளிக்கூடம் காணாத பாட்டியும் அறிந்த பழமொழி. ஆயினும் இலங்கையிலே கஞ்சாவை மருந்தாகப் பயன்படுத்துவது பற்றி நிகழும் வாதங்களில் எல்லாம் பேசப்படுகின்றன. அளவு ஒன்று மட்டும் பேசப்படுவதில்லை. ஒரு சாரார் மூலிகையின் பழமையைப் பேசுகின்றனர். மற்றொரு சாரார் அதன் தீமையைப் பேசுகின்றனர். மூன்றாம் சாரார் அது ஈட்டித் தரப்போகும் டொலரைப் பேசுகின்றனர். முதன்முறையாக அம்மருந்தை வாயிலிடப் போகும் நோயாளி எவ்வளவு உண்ண வேண்டும், உண்டபின் எவ்வளவு நேரம் பொறுத்திருக்க வேண்டும் என்ற வினா மூவருக்கும் அற்பமானதாகத் தோன்றுகின்றது. அவ்வினாவே இவ்விவகாரத்தின் உயிர்நிலை என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாத்தளை மாவட்டத்துக் கலேவெல நகரை எடுத்துக்கொள்க. குருநாகலிலிருந்து தம்புள்ளை வழியாகத் திருகோணமலைக்குச் செல்லும் ஏ6 நெடுஞ்சாலையிலே அமைந்த உலர்வலயச் சந்தி நகர் அது. சிங்கள விவசாயிகளும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்களும் அங்கே அயலவராக வாழ்கின்றனர். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திற்கு மரக்கறி ஏற்றிச் செல்லும் லொறிகள் இரவு பகலாக அவ்வழியே ஓடுகின்றன. இத்தகைய நகரொன்றிலே இரண்டு நோயாளிகளை மனக்கண்ணால் நோக்குக. ஒருவர், முதுகு வலியாலும் தூக்கமின்மையாலும் வருந்தும் லொறிச் சாரதி. மற்றவர், புற்றுநோய்ச் சிகிச்சைக்காகக் கண்டி வைத்தியசாலைக்குச் சென்று திரும்பி, வாந்தியால் ஒரு கவளம் சோறும் உண்ண முடியாது தவிக்கும் ஒரு தாய். இருவருக்கும் உற்றார் ஒருவர் அன்போடு ஒரு யோசனை கூறுகின்றார்: "மதன மோதகம் ஓர் உருண்டை சாப்பிட்டுப் பாருங்கள்; அது மூலிகைதானே, ஒன்றும் செய்யாது." இவ்விருவரும் கற்பனை மாந்தர். ஆனால் அந்த யோசனையும், அந்த "ஒன்றும் செய்யாது" என்ற உறுதிமொழியும் கற்பனையல்ல.

மதன மோதகம் என்பது பிள்ளையாருக்குப் படைக்கும் மோதகமன்று. பைஷஜ்ய ரத்நாவலி முதலான வடமொழி வைத்திய நூல்களிலே கூறப்படும் ஒரு கூட்டு மருந்து. விஜயா எனப்படும் கஞ்சாவைச் சுத்தி செய்து, நெய்யில் வறுத்து, சுக்கு, மிளகு, திப்பிலி முதலிய சரக்குகளோடு சர்க்கரைப் பாகில் உருட்டிச் செய்வது. செரிமானக் கோளாறுக்கும் கழிச்சலுக்கும் உடற்சோர்வுக்கும் அது விதிக்கப்பட்டது. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் கஞ்சாவைத் தடைசெய்த போதிலும், சுதேச வைத்தியத்திற்கு வேண்டிய அளவு அதனைப் பெறுவதற்குச் சட்டம் வழிவிட்டே வந்துள்ளது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் பின்னரும் அந்நிலை தொடர்ந்தது. ஆனால் வைத்தியரின் மருந்துப் பெட்டியிலிருந்து வெளியேறிய மோதகம் எங்கே போய்ச் சேர்ந்தது? பெட்டிக்கடைக் கண்ணாடிப் போத்தலுக்குள்ளே, இனிப்புப் பண்டங்களுக்குப் பக்கத்திலே போய்ச் சேர்ந்தது. பாடசாலைகளுக்கு அண்மையில் மாணவருக்கு அது விற்கப்படுவதும், பொலிஸார் கடைகளைச் சுற்றிவளைப்பதும் இந்நாட்டுப் பத்திரிகைகளுக்குப் பழகிப்போன செய்திகள்.

இம்மருந்து உடலிலே எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை அறிந்தாலன்றி அதன் ஆபத்து விளங்காது. கஞ்சாவின் மயக்கும் கூறு டெற்றாஹைட்ரோகனபினோல், சுருக்கமாக ரீ.எச்.சி. 1964இல் இஸ்ரேலிய விஞ்ஞானிகளான கவோனியும் மெச்சூலமும் அதனைத் தனியே பிரித்தெடுத்தனர். பச்சை இலையிலே இக்கூறு அமில வடிவில் அடங்கிக் கிடக்கும். சூடு பட்டதும் மயக்கும் வடிவம் பெறும். அது நீரிலே கரையாது, கொழுப்பிலே கரையும். ஆகவே நெய்யில் வறுத்தல் என்ற பழைய செய்முறை, சரக்கின் வீரியத்தை எழுப்பி, அதனை உடல் ஏற்கத்தக்க வாகனத்திலும் ஏற்றிவிடுகின்றது. பழைய வைத்தியர் இதன் இரசாயனத்தை அறியார், விளைவை அறிந்திருந்தனர். புகையாக உள்ளிழுத்தால் சில நிமிடங்களில் வேலை செய்யும் இப்பொருள், உணவாக உட்கொள்ளப்படும்போது குடலிலிருந்து முதலில் ஈரலுக்குச் செல்கின்றது. அங்கே அது மூளையை மேலும் வலிமையாகத் தாக்கும் பிறிதொரு வடிவமாக மாறுகின்றது. பயன் தோன்ற அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை செல்லும். உச்சத்தை அடைய மேலும் நேரமாகும். ஆறு, எட்டு மணி நேரமோ அதற்கு மேலுமோ நீடிக்கும்.

இத்தாமதமே புதிய நோயாளிக்கு விரிக்கப்பட்ட வலை. ஓர் உருண்டை உண்டவர் அரை மணி நேரம் பொறுக்கின்றார். வலி குறையவில்லை, தூக்கம் வரவில்லை. மருந்து போதவில்லை என எண்ணி இரண்டாம் உருண்டையை உண்கின்றார். இரண்டும் ஒன்றாக ஏறும் வேளையில் லொறியின் சில்லைப் பிடித்திருந்தால் என்ன நிகழும்? முதியவராயின் இரத்த அழுத்தம் தாழ்ந்து, எழுந்த இடத்திலே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளலாம். இதய நோயாளிக்கு நெஞ்சு படபடக்கும். மனநோய் வரலாறு உள்ள குடும்பத்தவருக்குச் சித்தம் கலங்கும் அபாயமும் உண்டு.

இது வெறும் அச்சுறுத்தலன்று. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலே கஞ்சா விற்பனை சட்டபூர்வமாக்கப்பட்ட சில மாதங்களுள், 2014 மார்ச் மாதத்தில், டென்வர் நகரில் 19 வயதான மாணவர் ஒருவர் கஞ்சா கலந்த பிஸ்கற் ஒன்றை உண்டார். அதிலே மொத்தம் 65 மில்லிகிராம் ரீ.எச்.சி. இருந்தது, ஆறு பங்காகப் பிரித்து உண்ணவேண்டியது. கடைக்காரர் கூறியபடி அவர் முதலில் ஒரு பங்கை மட்டுமே உண்டார். அரை மணிக்கும் ஒரு மணிக்கும் இடைப்பட்ட நேரம் கழிந்தும் எதுவும் தோன்றாமையால் எஞ்சியதையும் உண்டார். சில மணி நேரத்தின் பின் நிலைகுலைந்து நான்காம் மாடியிலிருந்து குதித்து மாண்டார். அவதானிக்கத்தக்கது யாதெனில், அங்கே அளவு தெரிந்திருந்தது, பங்கு வகுக்கப்பட்டிருந்தது. தெரியாதிருந்தது பொறுத்திருக்கவேண்டிய நேரம் ஒன்றே. மோதக உருண்டையிலே அளவும் தெரியாது, நேரமும் தெரியாது.

அளவு தெரியாது என்பதன் பொருளைச் சிறு கணக்கொன்று தெளிவாக்கும். இக்கால மருத்துவர் புதிய நோயாளிக்கு ரீ.எச்.சி.யை 2.5 மில்லிகிராமிலோ அதற்கும் குறைவாகவோ தொடங்குமாறு கூறுகின்றனர். இலையிலே நூற்றுக்கு ஒரு பங்கு ரீ.எச்.சி. இருப்பின் 1 கிராம் இலையில் 10 மில்லிகிராம் உண்டு; நூற்றுக்குப் பத்துப் பங்கு இருப்பின் 100 மில்லிகிராம் உண்டு. நிறையிலும் நிறத்திலும் சுவையிலும் வேறுபாடில்லாத இரண்டு உருண்டைகளில், ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்கு வீரியம் உடையதாக இருத்தல் கூடும். தராசிலே இலையை நிறுப்பவர் இலையை அறிவார், மருந்தை அறியார்.

இங்கே மரபின் பெயரால் ஓர் ஆட்சேபம் எழும். முழு மூலிகையை ஒரு மூலக்கூறாகச் சுருக்கி மில்லிகிராமிலே அளப்பது மேலைநாட்டு மனப்பாங்கு. ஈராயிரம் ஆண்டு அனுபவமுள்ள சுதேச வைத்தியத்திற்கு அது பொருந்தாது என்பர். இவ்வாதம் மரபைப் போற்றுவது போலத் தோன்றினும் உண்மையில் மரபை இழிவுபடுத்துவதாகும். குன்றிமணியும் மஞ்சாடியும் கழஞ்சும் வைத்து நிறுத்த பரம்பரை அளவை அறியாத பரம்பரையா? சார்ங்கதர சம்ஹிதை கஞ்சாவையும் அபினையும், செரிக்குமுன்னரே உடலெங்கும் பரவும் தனியொரு வகையிலே சேர்த்து வைத்தது, இவற்றை ஏனைய மூலிகைபோற் கருதலாகாது என்பதனாலன்றோ? அன்றைய வைத்தியர் இலை எந்த நிலத்தில் விளைந்தது என்பதை அறிவார்; தாமே சுத்தி செய்தார்; நோயாளியின் நாடியைப் பிடித்தார்; மறுநாளும் அவர் வீட்டுத் திண்ணையிலே போய் அமர்ந்து விளைவைக் கேட்டார். அவருடைய அறிவே அளவுகோலாக நின்றது. வணிகம் அவ்வைத்தியரை அகற்றிவிட்டு அவர் கொடுத்த மருந்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. வைத்தியர் அகன்ற இடத்தை அளவுச் சீட்டு ஒன்றே ஓரளவாவது நிரப்ப முடியும். அதனையும் மறுப்பவர் மரபின் காவலரல்லர். மரபின் பெயர்ப்பலகையை வாடகைக்கு விடுபவர்.

மேலைநாட்டு மருத்துவத்தின் வரலாறும் இதே பாடத்தையே புகட்டுகின்றது. 1839இல் கல்கத்தாவிலே ஓ'ஷௌக்னெஸி என்ற மருத்துவர், இந்திய மக்களின் வழக்கிலிருந்து கஞ்சாவைக் கற்று, அதன் சாற்றை மேலைநாட்டு மருத்துவத்திற்கு அறிமுகப்படுத்தினார். அரை நூற்றாண்டின் பின், 1890இல், ஜோன் ரசல் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 'லான்செற்' இதழிலே தமது நீண்ட அனுபவத்தைத் தொகுத்துரைத்தார். மிகக் குறைந்த அளவிலே தொடங்குக. நான்கு, ஆறு மணி நேரத்திற்குள் மீண்டும் கொடாதிருக்க. மூன்று, நான்கு நாளுக்கு ஒரு துளியாக மட்டும் கூட்டுக என்பது அவர் வகுத்த நெறி. சரக்கின் வீரியம் ஒருபோல் இராமையே விபத்துகளுக்குக் காரணம் என்பதையும் அவர் கண்டிருந்தார். அவ்வீரியத்தை நிலைப்படுத்த எவராலும் இயலவில்லை. 1932இல் பிரித்தானிய மருந்து நூலிலிருந்து கஞ்சா நீக்கப்பட்டமைக்கு அரசியற் காரணங்களோடு இதுவும் ஒரு காரணம். அது மருத்துவத்துள் மீண்டும் நுழைந்தது அளவைக் கற்ற பின்னரே. 1985இல் அமெரிக்காவில் புற்றுநோய்ச் சிகிச்சை வாந்திக்கென அங்கீகரிக்கப்பட்ட ட்ரோனபினோல், 2.5, 5, 10 மில்லிகிராம் குளிசைகளாக வந்தது. குழந்தைகளின் கடும் வலிப்பு நோய்களுக்காக 2018இல் அங்கீகாரம் பெற்ற கனபிடியோல் திரவமும் உடல் நிறைக்கேற்ப அளந்தே கொடுக்கப்படுகின்றது. கலேவெலத் தாயின் வாந்திக்கு இம்மூலிகையில் மருந்து உண்டு என்பது மெய். உருண்டையை உண்டால் அம்மருந்து கிடைக்கும் என்பது மெய்யன்று.

சுதேச மருந்தின் மூலப்பொருள் எந்நிலையில் இருந்தது என்பதற்கு அரசாங்கத்தின் வாக்குமூலமே உண்டு. 2017இல் சுகாதார அமைச்சராயிருந்த ராஜித சேனாரத்ன, இங்கிரியப் பகுதியில் 100 ஏக்கரில் மருத்துவக் கஞ்சாத் தோட்டம் அமைக்கும் திட்டத்தை அறிவித்தபோது, அதன் தேவையை விளக்கினார். நீதிமன்ற வழக்குகளிலே கைப்பற்றப்பட்ட கஞ்சாவே வைத்தியருக்கு வழங்கப்பட்டு வந்தது. நான்கைந்து ஆண்டு கழிந்து அது கைக்கு வரும்போது வீரியம் இழந்திருக்கும் என்பது அவர் கூற்றின் சாரம். எவரோ ஒரு கடத்தற்காரர் எங்கோ விளைவித்து, வழக்குப் பொருளாகக் களஞ்சியத்திலே கிடந்து காலத்தால் சிதைந்த இலை, இந்நாட்டு நோயாளியின் மருந்தாக இருந்தது! வீரியம் இழந்த சரக்கால் செய்த மருந்துக்குப் பழகிய நோயாளி, புதிய சரக்கால் செய்த உருண்டையை அதே அளவிலே உண்டால் நேர்வது என்ன என்பதை எவரேனும் சிந்தித்தனரா?

இனி, இரண்டாம் சாரார். இத்தனை ஆபத்துள்ள பொருளை முற்றாகத் தடைசெய்தால் வினாவே எழாதே என்பர் அவர். தடை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக நூலிலே இருக்கின்றது. 1984இல் 13ஆம் இலக்கச் சட்டத்தால் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. அதே ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் நிறுவப்பட்டது. ஆயினும் மொனராகலைக் காடுகளிலே செடி வளர்கின்றது. பாக்கு நீரிணையைக் கடந்து கேரளக் கஞ்சா கரையேறுகின்றது. கள்ளச் சரக்கிலே அளவுச் சீட்டு ஒட்டப்படுவதில்லை. நோயாளியின் வேதனையைத் தடைச்சட்டம் தணிப்பதுமில்லை. வேதனையோடிருப்பவரை அளவில்லாச் சந்தையிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் கைகள் தூயன என்று கூறும் ஒழுக்கம் ஒழுக்கமாகாது. ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழுவே 2020 டிசெம்பரில் 27க்கு 25 என்ற வாக்குகளால், மருத்துவப் பயன் அரிதாகவுள்ள மிக அபாயகரமான பொருள்களின் அட்டவணையிலிருந்து கஞ்சாவை நீக்கியது. அபாயம் இல்லை என்பதற்காகவன்று, மருந்தாகும் தகுதியும் உண்டு என்பதற்காகவே.

மூன்றாம் சாராரின் பேச்சு மிக இனிமையானது. 2022 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம், ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுவதை ஆராயக் குழுவொன்றை முன்மொழிந்தது. 2025இல், மீரிகமவிலுள்ள முதலீட்டு வலயத்திலே, ஏற்றுமதிக்கென மட்டும் அதனைப் பயிரிட ஏழு வெளிநாட்டு முதலீட்டாளருக்கு அனுமதி வழங்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அங்கே விளைவது எண்ணெயாகவும் பிசினாகவும் செறிவாக்கப்பட்டுக் கடல் கடக்கக்கூடும். செறிவு என்பதன் பொருளையும் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. நூற்றுக்கு 60 முதல் 90 பங்கு வரை ரீ.எச்.சி. கொண்ட செறிவுகள் மேலைச் சந்தைகளிலே உள்ளன. அத்தகைய ஒரு கிராமில் புதிய நோயாளிக்குரிய தொடக்க அளவு 240 முதல் 360 வரை அடங்கும். அரிசிமணி ஒன்றின் நிறை ஏறக்குறைய 20 மில்லிகிராம். அந்நிறையுடைய 80 சதவீதச் செறிவில் 16 மில்லிகிராம் ரீ.எச்.சி. உண்டு. அது தொடக்க அளவிலும் ஆறு மடங்குக்கு மேல். இப்பொருளை இறக்குமதி செய்யும் நாடு அதனைச் சோதிக்கும், எண்ணிட்டு அளவிடும், பூட்டுள்ள பெட்டியிலே விற்கும். கனடா 2019இல் உணவுவகைக் கஞ்சாவை அனுமதித்தபோது ஒரு பொதிக்கு 10 மில்லிகிராமே உச்சவரம்பு என விதித்தது. ஆக, இலங்கை மண்ணிலே விளையும் மருந்து அந்நிய நோயாளிக்கு மில்லிகிராமாகப் போய்ச் சேரும். கலேவெல நோயாளிக்கு வழக்கம்போலப் போத்தலுக்குள் இருக்கும் உருண்டையே எஞ்சும். தேயிலையின் முதல்தரத்தைக் கப்பலேற்றிவிட்டுத் தூளைத் தான் குடித்த நாட்டிற்கு இது புதிய அனுபவமன்று.

சந்தையை மட்டும் நம்பித் திறந்துவிட்ட நாடுகளின் கதையும் அறியத்தக்கது. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருட் பட்டியலிலிருந்து நீக்கியது. கடைகள் காளான்போல் முளைத்தன. மூன்றாண்டு கழிந்து, 2025 ஜூனில், வைத்தியரின் சீட்டின்றி விற்கலாகாது என்று அரசே பின்வாங்க நேர்ந்தது. அமெரிக்காவிலே கஞ்சா இனிப்புகளைத் தவறுதலாக உண்ட ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகள் பற்றி நஞ்சுத் தகவல் நிலையங்களுக்கு வந்த அறிவித்தல்கள் 2017இல் 207, 2021இல் 3,054. மோதகமும் இனிப்புத்தான் என்பதைப் பெற்றோர் மறவாதிருத்தல் வேண்டும்.

ஆகவே செய்யவேண்டியவை எவை? கஞ்சா சேர்ந்த எந்தத் தயாரிப்பும் ஆய்வுகூடத்திலே சோதிக்கப்பட்டு, ஓர் உருண்டையிலோ ஒரு கரண்டி லேகியத்திலோ எத்தனை மில்லிகிராம் உண்டென்பது பொதியின் முகப்பிலே அச்சிடப்படல் வேண்டும். தொடக்க அளவு எவ்வளவு, இரண்டு மணி நேரத்திற்குள் மீண்டும் உண்ணலாகாது, உண்ட அன்று வாகனம் செலுத்தலாகாது, கருவுற்றோரும் சிறுவரும் தொடலாகாது என்பன சிங்களத்திலும் தமிழிலும் எழுதப்படல் வேண்டும். கலேவெல முஸ்லிம் தாய் தன் மருந்துறையைத் தன் மொழியிலே வாசிப்பது சலுகையன்று, உரிமை. பெட்டிக்கடை விற்பனை ஒழிக்கப்பட்டு, பதிவு செய்த வைத்தியரின் கையால் மட்டுமே அம்மருந்து வழங்கப்படல் வேண்டும். அவர் கொடுத்த அளவையும் நேர்ந்த விளைவையும் பதிவேட்டிலே குறித்தல் வேண்டும். நோயாளி உட்கொள்ளும் ஏனைய மருந்துகளை, சிறப்பாக இரத்தம் உறையாமைக்கான வார்பரினையும் வலிப்புக்கான மருந்துகளையும், கேட்டறியாது இதனைக் கொடுப்பது குற்றமாகக் கருதப்படல் வேண்டும். ஏற்றுமதிச் சரக்கைச் சோதிக்கப் பொறியுள்ள நாட்டிலே உள்ளூர்ச் சரக்கைச் சோதிக்கப் பொறியில்லை என்ற சாக்கு இனிச் செல்லாது.

இப்பணியிலே பல்கலைக்கழகங்களுக்குத் தலையாய பொறுப்புண்டு. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவம் பயிற்றப்படுகின்றது. பேராதனையிலே மருத்துவ பீடமும் இரசாயனவியற் கூடங்களும் உள்ளன. ஒன்று ஏட்டை வைத்திருக்கின்றது. மற்றது தராசை வைத்திருக்கின்றது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காத வரையில் ஏடு மூடநம்பிக்கைக்கும், தராசு ஏற்றுமதி வணிகருக்கும் ஊழியஞ் செய்து கொண்டிருக்கும். பழஞ்சுவடியின் ஒரு கழஞ்சு இன்றைய இலையிலே எத்தனை மில்லிகிராம் என்ற ஒரே கணக்கைச் செய்து முடிப்பது, மரபின் பெருமை பற்றிய நூறு மேடைப் பேச்சுகளினும் மேலான தொண்டு.

கலேவெலச் சந்தியின் லொறிச் சாரதிக்கும் அத்தாய்க்கும் மூலிகையின் தொன்மை தேவையில்லை. அந்நியச் செலாவணியும் தேவையில்லை. உண்ணப்போவது எவ்வளவு என்று கூறும் ஓர் எண்ணும், பொறுத்திரு என்று கூறும் ஒரு குரலுமே அவர்களுக்குத் தேவை. அவ்விரண்டையும் கொடுக்க இயலாதவர் எவராயினும், அவர் கையிலே இருப்பது மருந்தன்று.